அண்ணா படைத்த நாத்திகன்

காலடிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்த கதையை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எழுத்துக் கற்பதற்கு முன்பே கற்றுவிடுவார்கள். 1717 முதல் 1720 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர் ஜோசப் காலெட். நெசவாளர்களையும் துணிக்கு வண்ணமிடுவோரையும் குடியமர்த்தி அவர் உருவாக்கிய காலெட்பேட்டை, மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. இது வரலாறு.

ஊரார் சொல்லும் கதை இதைவிடச் சுவையானது. காலெட்டிடம் பணியாற்றிய வீரராகவன் என்பவர் நாள்தோறும் காஞ்சிபுரம் சென்று வரதராசப் பெருமாளை வணங்கிவிட்டே வேலைக்கு வருவாராம். அதை நம்பாத ஆளுநர் ஒருநாள் அவரை அழைத்து, இந்த நேரத்தில் காஞ்சியில் என்ன நடக்கிறது என்று சொல்லும்படி கேட்டாராம். தேர் நகராமல் நிற்கிறது என்றார் வீரராகவன். விசாரித்தபோது அது உண்மையாக இருந்தது. ஆளுநர் மனம் மாறினார்; எங்கள் ஊரில் கல்யாண வரதராசப் பெருமாளுக்குக் கோயில் எழுந்தது.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் அம்மா. அருகில் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அப்பா ஒருபோதும் மறுத்துப் பேசியதில்லை, தலையாட்டியதும் இல்லை. அவர் நாத்திகர். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் வேலை பார்த்தவர். வெள்ளிக்கிழமைகளில் அம்மாவைத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் வாசல்வரை அழைத்துச் செல்வார். அம்மா திரும்பி வரும்வரை குளத்தங்கரையில் காத்திருப்பார். சேர்ந்தே வீடு திரும்புவார்கள். இதில் வியப்பதற்கு ஏதும் இருப்பதாக எங்கள் வீட்டில் யாரும் கருதவில்லை.

1994-இல் அப்பா மறைந்தபோது, தாய்வழி உறவில் மூத்தவரான ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சென்று ஒன்றைக் கேட்டார். என் தந்தைக்கு இளமையில் என்ன நேர்ந்தது, எதனால் அவர் கடவுளைக் கைவிட்டார் என்பதே அந்தக் கேள்வி. அவர் அன்போடுதான் கேட்டார். நான் சொன்ன பதில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதை இறுதியில் சொல்கிறேன். அதற்குமுன், அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். நாத்திகன் என்றால் அவனுக்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருந்தாக வேண்டும் என்ற எண்ணத்தைத் தமிழர் மனத்தில் ஆழப் பதித்தவர்களில் முதன்மையானவர், அதே காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணா.

அண்ணாவின் வாழ்க்கையை அரசியல் வரலாறாகவே நாம் பெரும்பாலும் வாசிக்கிறோம். மேடைப் பேச்சாளர், கட்சி நிறுவனர், முதலமைச்சர் என்ற வரிசையில் கதாசிரியர் அண்ணா கடைசியில் நிற்கிறார். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நான் அவரைக் கதாசிரியராகவே முதலில் காண்கிறேன். ஏனெனில் அவரும் பொருளாதாரம் படித்தவர். அந்தப் படிப்பின் தடம் அவருடைய உரைகளில் இருப்பதைவிட அவருடைய கதைகளில் அழுத்தமாக இருக்கிறது.

1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் எளிய நெசவாளர் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை நடராசன், தாய் பங்காரு அம்மாள். அவரை வளர்த்து ஆளாக்கியவர் சிற்றன்னை இராஜாமணி அம்மாள். பச்சையப்பன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே குடும்ப நெருக்கடியால் படிப்பை நிறுத்திவிட்டு நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகச் சில காலம் வேலை பார்த்தார். பிறகு மீண்டும் படிப்பைத் தொடர்ந்து சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார். மாணவராக இருக்கும்போதே 1930-இல் இராணி அம்மையாரை மணந்தார். பொருளாதாரமும் அரசியலும் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார்.

அவர் கல்லூரியில் படித்த ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். 1929-இல் தொடங்கிய உலகப் பெருமந்தம் சென்னை மாகாணத்தைக் கடுமையாகத் தாக்கிய காலம் அது. தானிய விலைகள் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தன. ஆனால், வாங்கிய கடனின் அளவு சரியவில்லை. நூறு ரூபாய் கடனை அடைக்க ஒரு விவசாயி முன்பு விற்ற நெல்லைப்போல் இரு மடங்கு விற்க வேண்டியதாயிற்று. நிலங்கள் கைமாறின. 1938-இல் இராஜாஜி அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவர வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. கடன் கொடுத்தவர், கடன் பட்டவர் இருவருமே பெரும்பாலும் பக்திமான்கள். ஒரே கோயிலில் ஒரே நாளில் வணங்கியவர்கள். பின்னாளில் அண்ணா எழுதிய கதைகளின் விதை இந்தக் காட்சியில் இருக்கிறது என்பது என் துணிபு.

1930-களின் நடுவில் திருப்பூரில் நடந்த மாநாடு ஒன்றில் அவர் பெரியாரைச் சந்தித்தார். அதன்பின் ஈரோடு சென்று ‘விடுதலை’, ‘குடி அரசு’ இதழ்களில் பணியாற்றினார். 1942-இல் காஞ்சிபுரத்திலிருந்து ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கினார்.

குருவுக்கும் சீடருக்கும் கொள்கை ஒன்றாயினும் வழி வேறாக இருந்தது. பெரியார் கேள்வி கேட்பார், விடை சொல்வார், கேட்பவரின் மனம் புண்படுமா என்று தயங்கமாட்டார். அண்ணாவும் தொடக்கத்தில் அப்படித்தான் களம் இறங்கினார். 1943 பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும், மார்ச்சில் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் கம்பராமாயணம், பெரிய புராணம் குறித்து அவர் நடத்திய சொற்போர்கள் புகழ்பெற்றவை. ஆனால், சொற்போரில் வெல்வது வேறு, மனங்களை மாற்றுவது வேறு. வாதத்தில் தோற்றவர் தம் நம்பிக்கையை இன்னும் இறுகப் பற்றிக்கொள்வதே மனித இயல்பு.

அதே 1943-இல் அவருடைய ‘சந்திரோதயம்’ நாடகம் மேடையேறியது. அடுத்து ‘சந்திரமோகன்’ வந்தது; அதில் சிவாஜியாக நடித்த கணேசன் பிறகு அந்தப் பெயராலேயே உலகப் புகழ் பெற்றார்; அண்ணாவே காகபட்டராக வேடம் தரித்தார். ‘ஓர் இரவு’ நாடகத்தைப் பார்த்த கல்கி, கொள்கையில் எதிர்முகாமில் இருந்தும், அண்ணாவைப் பெர்னாட் ஷாவோடு ஒப்பிட்டு எழுதினார். ‘நீதிதேவன் மயக்கம்’ நாடகத்தில் இராவணனின் வழக்கு மறு விசாரணைக்கு வருகிறது. இரக்கமில்லாதவன் என்பது அவன்மீதுள்ள குற்றச்சாட்டு. தேவர்களும் முனிவர்களும் எங்கெங்கே இரக்கமில்லாமல் நடந்தார்கள் என்று அவன் ஒவ்வொன்றாக எடுத்துவைக்க, நீதிதேவனே மயங்கி விழுகிறான்.

இங்கே சற்று நின்று, அண்ணாவுக்கு முன்பு கதைகளில் நாத்திகன் எப்படி இருந்தான் என்று பார்க்க வேண்டும். நம் மரபுக் கதைகளில் அவனுக்கு இரண்டே முடிவுகள்தாம். இரணியனைப்போல அழிவான், அல்லது எங்கள் ஊர்க் காலெட்டைப்போல வியந்து கைகூப்புவான். நம்பாமலேயே நிம்மதியாக வாழ்ந்து முடிந்தவன் என்று ஒருவனும் இல்லை.

மேலைநாட்டு நாவல்களும் இந்த விதிக்குப் பெரிதும் விலக்கல்ல. துர்கனேவ் 1862-இல் வெளியிட்ட ‘தந்தையரும் தனயரும்’ நாவலின் பசாரவ் எதையும் ஏற்காத இளம் மருத்துவன்; பிண ஆய்வின்போது பட்ட காயத்தால் நோய் தொற்றி இளமையில் சாகிறான். தஸ்தாயெவ்ஸ்கியின் இவான் கரமசோவ் ஒரு குழந்தையின் கண்ணீரை முன்வைத்துக் கடவுளின் உலகை ஏற்க மறுக்கிறான். இறுதியில் சித்தம் கலங்குகிறான். பிளாபேரின் ‘மேடம் போவாரி’யில் வரும் மருந்துக்கடைக்காரர் ஓமே தேவாலயத்தை ஏசுவதையே பெருமையாகக் கொண்டவர், ஆசிரியர் அவரை நகைப்புக்குரியவராக ஆக்கிவிட்டார். மரணம், பித்து, நகைப்பு. நாத்திகனுக்கு நாவலாசிரியர்கள் ஒதுக்கிய இருக்கைகள் பெரும்பாலும் இவையே.

இந்திய இலக்கியத்தில் எனக்குத் தெரிந்த உன்னதமான விதிவிலக்கு, தாகூர் 1916-இல் எழுதிய ‘சதுரங்கம்’ நாவலின் ஜகன்மோகன். கடவுள் இல்லை என்பதே அவருக்குப் பிறருக்கு உதவுவதற்கான காரணம். கணக்குத் தீர்க்க மறுமை இல்லை என்பதால் இம்மையிலேயே அனைத்தையும் செய்துவிட வேண்டும் என்று வாழ்கிறார். பிளேக் பரவியபோது ஏழைகளுக்காகத் தன் வீட்டையே மருத்துவமனையாக்கி, அந்த நோய்க்கே பலியாகிறார். தாகூர் நாத்திகர் அல்லர். ஆயினும் ஒரு நாத்திகரை இவ்வளவு மதிப்போடு படைக்க அவரால் முடிந்தது.

இந்தப் பின்னணியில்தான் ‘வேலைக்காரி’யை வைத்துப் பார்க்க வேண்டும். கே.ஆர். இராமசாமியின் நாடகக் குழுவுக்காக 1940-களின் நடுவில் அண்ணா எழுதிய நாடகம் அது. ஜூபிடர் நிறுவனம் தயாரித்து ஏ.எஸ்.ஏ. சாமி இயக்க, 1949-இல் திரைப்படமாயிற்று. கதை தமிழர் பலரும் அறிந்ததே. வட்டியூர் ஜமீன்தார் வேதாசல முதலியார் கடனை ஈவிரக்கமின்றி வசூலிப்பவர். அதே அளவு தீவிரமான காளி பக்தர். அவருடைய நெருக்குதலைத் தாங்காமல் ஆனந்தனின் தந்தை தூக்கிலிட்டுக்கொள்கிறார். வெளியூரிலிருந்து ஆசையோடு வீடு திரும்பும் மகன் காண்பது தந்தையின் பிணத்தை. ஆனந்தனும் காளி பக்தன்தான். தான் வணங்கும் தெய்வமே தன் தந்தையைக் கொன்றவனுக்கும் அருள் பாலிப்பதைக் கண்டு, அந்தத் தெய்வத்தின் சந்நிதியிலேயே நின்று அவன் கொதித்துக் கேட்கும் கேள்விகள் தமிழ்த் திரையில் அதுவரை யாரும் கேட்காதவை.

இந்தக் காட்சியைப் பொருளாதார ஆசிரியனின் கண்ணால் பார்த்தால் ஒன்று விளங்கும். ஆனந்தன் கடவுள் உண்டா இல்லையா என்ற தத்துவ வாதத்துக்குள் நுழையவே இல்லை. அவன் காட்டுவது ஒரு கணக்கு. இவன் இவ்வளவு வணங்கினான், இவனுக்கு வந்தது இது. அவன் இவ்வளவு கொடுமை செய்தான், அவனுக்கு வந்தது அது. வரவும் செலவும் ஒத்துவரவில்லை. கணக்கு ஒத்துவராத பேரேட்டை எழுதியவர் யார் என்பதே அவன் கேள்வி. பெருமந்தக் காலத்தில் பொருளாதாரம் படித்த ஒருவர், சமய நம்பிக்கையைக் கடன் பத்திரத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டார். அதனால்தான், கோயிலுக்குச் சென்று திருநீறு பூசிய நெற்றியோடு கொட்டகைக்கு வந்தவர்களும் அந்தக் காட்சியில் கைதட்டினார்கள். கடவுளை மறுப்பவர்கள் அரங்கில் சிலரே இருந்திருப்பார்கள். வட்டி கட்டியவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

இது அண்ணாவின் பெரும் சாதனை. அவருடைய நாத்திகன் இரணியனைப்போல அழியவில்லை. பசாரவைப்போல இளமையில் சாகவில்லை. அறிவால் பகை முடிக்கிறான். ஆள்மாறாட்டம் செய்து அதே ஜமீன்தாரின் மகளை மணக்கிறான். போலி ஆசிரமத்தில் சிக்கிக் கொலைக் குற்றத்துக்கு ஆளான ஜமீன்தாரின் மகனுக்காக நீதிமன்றத்தில் வாதாடுகிறான். கடவுளைக் கடிந்துகொண்டவன் கதையின் நாயகனாக, குடும்பத்தில் ஒருவனாக, பெண்கள் விரும்பும் அண்ணனாக மாறினான். நாத்திகன் என்றால் அஞ்சி ஒதுங்கிய ஒரு சமூகத்தை, மூன்று மணி நேரம் அவனோடு சேர்ந்து அழவும் சிரிக்கவும் வைத்தார் அண்ணா. எத்தனை சொற்போர்களாலும் ஆகாத காரியம் அது.

ஆனால், அந்தச் சாதனைக்கு ஒரு விலையும் இருந்தது. ஆனந்தன் நம்பிக்கை இழந்ததற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. தந்தையின் பிணம் அந்தக் காரணம். அந்தப் பிணத்தைக் கதையிலிருந்து நீக்கிவிட்டால், அவன் கேள்வியை அந்த அரங்கம் பொறுத்துக்கொண்டிருக்காது. அதாவது, அவனுடைய மறுப்பு மன்னிக்கப்பட்டது, ஏற்கப்படவில்லை. மேலும், படம் முடியும்போது மனித இனம் ஒன்று, இறைவனும் ஒருவன் என்ற திருமூலரின் கருத்து திரையில் வந்து நிற்கிறது. காளியைக் கேள்வி கேட்டவனின் கதை ஒரே இறைவனில் அமைதி அடைகிறது. ஊன்றிப் பார்த்தால், அண்ணாவின் நாயகன் காயம்பட்ட பக்தன். நீதி கிடைத்ததும் அவன் காயம் ஆறிவிடுகிறது.

இதை வாக்குக் கணக்கு என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நான் உடன்படவில்லை. 1949-இல் அண்ணாவுக்குத் தேர்தல் எதுவும் கண்ணில் இல்லை. தேர்தலில் நிற்பது என்று அவருடைய கட்சி முடிவெடுத்ததே 1956 திருச்சி மாநாட்டில்தான். தணிக்கைக்கும் வசூலுக்கும் அஞ்சியிருக்கலாம் என்பதில் ஓரளவு உண்மை இருக்கக்கூடும். ஆயினும் என் கருத்தில், அது அவருடைய இயல்பு. எதிரில் இருப்பவரை வீழ்த்துவதைவிட அவரை உடன் அழைத்துச் செல்வதையே அவர் விரும்பினார். 1953-இல் பெரியார் பிள்ளையார் சிலை உடைப்பை அறிவித்தபோது, தாம் சிலையையும் உடைப்பதில்லை, அதன்முன் தேங்காயும் உடைப்பதில்லை என்ற நிலையை அண்ணா எடுத்ததும் இதே இயல்பினால்தான்.

‘வேலைக்காரி’ வெளியான அதே 1949-இல், செப்டம்பர் 17 அன்று அவர் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். மறுநாள் இராயபுரம் இராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. காலடிப்பேட்டையிலிருந்து நடந்தே சென்று அந்த மழையில் நனைந்தவர்களுள் என் தந்தையும் ஒருவர். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ‘வேலைக்காரி’யை மும்முறை பார்த்திருந்தார். ஆனால், படம் பார்த்துத் தாம் நாத்திகர் ஆகவில்லை என்று அவர் சொல்வார். அதற்கு முன்பே அப்படித்தான் இருந்தாராம். சிறுவயதில் எல்லாரும் கண்மூடி நிற்கும்போது தமக்கு மட்டும் உள்ளே ஏதும் தோன்றவில்லை, அவ்வளவே என்பார்.

அண்ணாவின் கதைகளில் அப்பாவுக்கு மிகவும் பிடித்தது ‘செவ்வாழை’. செங்கோடன் என்ற ஏழை உழவன் தன் பிள்ளைகளுக்காகப் பொத்திப் பொத்தி வளர்த்த செவ்வாழைக் குலை, பண்ணையார் வீட்டுப் பிறந்தநாளுக்கும் கோயில் பூசைக்குமாகப் பறிபோகிறது. கடைக்கு வந்த அதே பழத்தை வாங்க அவன் மகனிடம் போதிய காசில்லை. இறுதியில் அந்த மரத்தின் துண்டு வீட்டில் நேர்ந்த சாவுக்குப் பாடையில் கட்டத்தான் பயன்படுகிறது. உழைப்பின் பயன் உழைத்தவனைச் சேராமல் போகும் விதத்தை நான் வகுப்பறையில் பல ஆண்டுகள் விளக்கியிருக்கிறேன். அந்தச் சில பக்கங்களுக்கு ஈடாக விளக்கியதாகச் சொல்ல முடியாது. அந்தக் கதையில் கடவுளை யாரும் திட்டுவதில்லை. கோயில் ஓர் ஓரத்தில் வந்துபோகிறது. வாசகரே கணக்கைப் போட்டுக்கொள்கிறார்.

அண்ணா போட்ட பாதையில் பலர் வந்தார்கள். 1952-இல் கலைஞரின் வசனத்தில் வந்த ‘பராசக்தி’யில், தங்கைக்குக் கோயிலிலேயே நேர்ந்த கொடுமையைக் கண்ட குணசேகரன் கூண்டில் நின்று சீறினான். மீண்டும் ஒரு காயம், மீண்டும் ஒரு நீதிமன்றம். 1954-இல் வந்த ‘இரத்தக் கண்ணீர்’ இன்னும் விந்தையானது. திருவாரூர் கே. தங்கராசுவின் அந்தக் கதையில் மரபையும் சடங்கையும் எம்.ஆர். ராதா கிழித்தெறியும்போது அரங்கம் ஆர்ப்பரித்தது. ஆனால், அந்த மோகன் நெறிகெட்டவன்; தாயையும் மனைவியையும் புறக்கணித்தவன்; தொழுநோயால் உருக்குலைகிறான். பகுத்தறிவு இயக்கத்தைச் சேர்ந்தவர்களின் கையிலேயே பழைய இரணியன் மீண்டும் வந்துவிட்டான்.

இப்படி ஒரு வார்ப்பு நிலைபெற்றது. தமிழ்க் கதையில் நாத்திகன் ஒன்று காயம்பட்டவன், அல்லது கெட்டழிந்தவன், அல்லது கடைசிக் காட்சியில் திருந்துகிறவன். பக்தர்களுக்கும் இதே நிலைதான்: ஒன்று போலிச் சாமியார், அல்லது வட்டிக்காரர். வாசல்வரை வந்து குளத்தங்கரையில் காத்திருந்த என் அப்பாவுக்கும், அவரிடம் எந்த விளக்கமும் கேட்காமல் உள்ளே சென்று வணங்கித் திரும்பிய என் அம்மாவுக்கும் அந்தக் கதைகளில் இடமில்லை. அமைதியான நாத்திகரும் அமைதியான பக்தரும் மேடைக்குப் பயன்படமாட்டார்கள். ஆனால், நம் தெருக்களில் பெரும்பாலோர் அவர்களே.

கதாசிரியர் அண்ணா கொடுக்காத அந்த இடத்தை முதலமைச்சர் அண்ணா கொடுத்தார் என்பதே இந்த வாழ்க்கையில் நான் காணும் மிக அழகிய திருப்பம். 1957-இல் காஞ்சிபுரத்திலிருந்து சட்டமன்றம் சென்றார். 1962-இல் அங்கேயே தோற்று மாநிலங்களவைக்குப் போனார். 1967 மார்ச் 6 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டியது, இருமொழிக் கொள்கை ஆகியவற்றை எல்லாரும் நினைவுகூர்கிறார்கள். எனக்கு முதன்மையானது சுயமரியாதைத் திருமணச் சட்டம்.

1928 முதல் இயக்கத்தினர் புரோகிதர் இன்றித் திருமணம் செய்துவந்தனர். அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்று 1950-களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என் பெற்றோர் 1956-இல் அந்த முறையில்தான் மணந்துகொண்டார்கள். அம்மா தாலி வேண்டும் என்றார். அப்பா மந்திரம் வேண்டாம் என்றார். இருவர் விருப்பமும் நிறைவேறியது. ஆனால், சட்டத்தின் கண்ணில் அது திருமணமே இல்லை. உறவினர் சிலர் சொத்துப் பேச்சு வரும்போதெல்லாம் அதை நினைவூட்டத் தவறியதில்லை என்று அம்மா பிற்காலத்தில் சொன்னார்.

1967-இல் நிறைவேறி 1968 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த அண்ணாவின் திருத்தச் சட்டம், உற்றார் உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ, தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்தாலே போதும் என்றது. முன்பு நடந்த அத்தகைய திருமணங்களும் செல்லும் என்றது. அப்போது எனக்குப் பத்து வயது. என் பெற்றோர் திருமணமான தம்பதியர் என்று அரசு ஏற்றுக்கொண்டது அந்த ஆண்டில்தான்.

அந்தச் சட்டத்தை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அதில் ஒரு சொல்கூட, நீ ஏன் சடங்கை மறுக்கிறாய் என்று கேட்பதில்லை. உன் தந்தையைக் கடன்காரன் கொன்றானா, உன் தங்கைக்குக் கோயிலில் தீங்கு நேர்ந்ததா என்று விசாரிப்பதில்லை. சடங்கை வேண்டுபவரையும் தடுப்பதில்லை. காரணம் கேட்காமல் மதிப்பதே உண்மையான மதிப்பு. ஆனந்தனுக்குக் காரணம் கற்பித்த அதே மனிதர், ஆட்சிக்கு வந்தபோது காரணம் கேட்காத ஒரு சட்டத்தை எழுதினார். கதை எழுதும்போது எதிரில் இருந்த அரங்கம் அவரைக் கட்டுப்படுத்தியது. இருபது ஆண்டுகளில் அந்த அரங்கத்தையே அவர் மாற்றியிருந்தார். அதற்கு ஆனந்தனும் ஒரு காரணம் என்பதை மறந்துவிடக் கூடாது.

1968-இல் யேல் பல்கலைக்கழகத்தின் சப் அறிஞர் என்ற சிறப்பைப் பெற்று அமெரிக்கா சென்று வந்தார். அதற்குள் புற்றுநோய் அவரைப் பற்றியிருந்தது. 1969 பிப்ரவரி 3 அன்று, அறுபது வயது நிறைவதற்குள் மறைந்தார். அவர் இறுதி ஊர்வலத்தில் திரண்ட கூட்டத்தில் பிராமணரும் பிறரும், பக்தரும் நாத்திகரும் வேறுபாடின்றி நின்றதாக அப்பா சொல்லியிருக்கிறார். கடற்கரையிலிருந்து திரும்பிவந்த அன்று இரவு அப்பா உணவு கொள்ளவில்லை. அம்மா பூசை மாடத்தில் அண்ணாவுக்காக ஒரு விளக்கு ஏற்றினார். அப்பா அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இனி, நான் சொல்வதாகச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். 1994-இல் அந்த உறவினர் கேட்டபோது, அப்பாவுக்கு எதுவும் நேரவில்லை, அவருக்கு நம்பிக்கை தோன்றவில்லை, அவ்வளவுதான் என்ற உண்மையை முதலில் சொன்னேன். அவர் நம்பவில்லை. காரணம் இல்லாமல் ஒருவர் சாமியை விடுவாரா என்று மீண்டும் மீண்டும் கேட்டார். களைத்துப்போயிருந்தேன். என் பாட்டனார் கடனில் நொடித்துப்போனதாகவும், கடன் கொடுத்தவர் தறியைக்கூட விட்டுவைக்கவில்லை என்றும், அந்தத் துயரத்தில்தான் அப்பா மாறிவிட்டார் என்றும் சொன்னேன். அவர் கண் கலங்கி, என் தோளைத் தட்டிக்கொடுத்தார். இனி அவர் அப்பாவை மன்னித்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

அதில் ஒரு சொல்லும் உண்மையில்லை. பாட்டனார் கடன்பட்டவர் அல்லர். எங்கள் வீட்டில் தறியும் இருந்ததில்லை. அந்தக் கதையை நான் ‘வேலைக்காரி’யிலிருந்தும் ‘செவ்வாழை’யிலிருந்தும் எடுத்திருந்தேன். அறுபத்தாறு ஆண்டுகள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லாமல் வாழ்ந்த ஒருவரை, அவர் உடல் கூடத்தில் கிடக்கும்போது, மன்னிக்கப்பட வேண்டியவராக ஆக்கிவிட்டேன். அப்பாவின் தலைமாட்டில் அம்மா ஏற்றிய விளக்கு அவருக்கு எந்த அவமதிப்பும் செய்யவில்லை. அது அம்மாவின் உண்மை. என் பொய்தான் செய்தது.

இன்று காலடிப்பேட்டைக்கு மெட்ரோ இரயில் வருகிறது. வீரராகவனின் கதையைப் பேரப்பிள்ளைகளுக்கு நானும் சொல்கிறேன்; நல்ல கதை அது. அதன் பிறகு, குளத்தங்கரையில் காத்திருந்த ஒருவரைப் பற்றியும் சொல்கிறேன். அவருக்கு என்ன ஆயிற்று என்று அவர்கள் கேட்பார்கள். ஒன்றும் ஆகவில்லை, அம்மா வெளியே வந்ததும் இருவரும் வீட்டுக்குப் போனார்கள் என்பேன். இத்தகைய ஒருவரை நாயகராகக் கொண்ட நாவலைத் தமிழில் யாரேனும் எழுத வேண்டும். அண்ணாவின் சட்டம் 1968-லேயே அவருக்கு இடம் கொடுத்துவிட்டது. நம் கதைகள்தாம் இன்னும் கொடுக்கவில்லை.

கட்டுரையாளர்: ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியர்.